படத்துக்குக் கீழே எழுதியிருந்த பெயர்

யோகாவை வெள்ளைக்காரர் எங்களிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று லண்டனில் இருக்கும் என் தம்பி முதன்முதலாகச் சொன்னபோது, நான் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனைப் பக்கத்துக் கதிரையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டிருந்தேன். அவன் கதைக்கத் தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குக் குறையாது. அதற்குள் இரண்டு நேரச் சோற்றுக்கான அரிசியைத் துப்புரவாக்கிவிடலாம்.

"இஞ்ச ஒவ்வொரு சந்தியிலயும் ஒரு யோகாக் கடை, அக்கா. சப்பாத்துக் கழட்டி வைக்கிற தட்டுக்கு மேல பிள்ளையாரைக் கொண்டுவந்து வச்சிருக்கிறாங்கள். எங்கட முன்னோர் தந்ததை எடுத்து, எங்களுக்கே விக்கிறாங்கள். இதுக்குப் பேர் பண்பாட்டு அபகரிப்பு."

அந்தக் கடைசிச் சொல்லை நிறுத்தி, அழுத்திச் சொன்னான். அங்கே ஊர்ச் சங்கம் ஒன்றில் அவன் பேச்சாளன். மேடையில் பேசிப் பேசி, அக்காவோடு கதைப்பதும் இப்போது மேடைப் பேச்சாகிவிட்டது. இந்த யோகா விஷயத்தைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கப் போகிறார்களாம். அதில் போட்டுக் காட்ட மூன்று நிமிடம் நான் கதைத்து ஒரு வீடியோ அனுப்ப வேண்டுமாம். ஊரில் இருக்கும் ஒரு சைவப் பெண், அதுவும் ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர் சொன்னால் வெள்ளைக்காரர் வாயடைத்துப் போவார்களாம்.

"தம்பி, எங்கட வீட்டில ஆரடா யோகா செய்தது?" என்று கேட்டேன்.

"அதில்லை அக்கா விஷயம்" என்றான்.

எனக்கு அதுதான் விஷயம். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்து, வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல்லு விதைத்த மனிதர். நெல் அறுக்கிற அருவி வெட்டு நாட்களில் முதுகு பிளந்துபோய் வருவார். சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, என்னையும் தம்பியையும் முதுகில் ஏறி நடக்கச் சொல்வார். எங்கள் வீட்டில் நடந்த யோகா அவ்வளவுதான். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பார், பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் தோப்புக்கரணம் போடுவார். தம்பி அதைவிடக் கூடப் போட்டவன். வீட்டுக்கணக்குச் செய்யாமல் போனதற்கு வகுப்பு வாசலில் ஐம்பது, நூறு என்று போட்டிருக்கிறான்.

"தோப்புக்கரணம் மூளைக்கு நல்லமெண்டு இப்ப வெள்ளைக்காரர் படிப்பிக்கினமாம். நீ போட்டதுக்கும் சேர்த்து ஒரு வழக்குப் போடு" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

களவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த முள்ளுக்கம்பி முகாமிலிருந்து விட்டபோது நாங்கள் வந்து பார்த்த வீட்டில் ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலை இல்லை. சுவரை உடைத்து உள்ளே ஓடிய மின்சார வயரையும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். கிணற்றில் கப்பி இல்லை. குசினியில் அம்மாவின் அம்மி இருந்த இடத்தில் நாலு மூலைப் பள்ளம் ஒன்று இருந்தது. எங்கள் கீழ் வயலும் அதன் வரம்பில் நின்ற தென்னைகளும் ஆமிக் காம்பின் வேலிக்கு உள்ளே போய்விட்டன. பஸ்ஸில் போகும்போது எங்கள் தென்னையில் யாரோ தேங்காய் பிடுங்குவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் அது இருந்த இடத்தில் அது இருக்காது, இதுதான் எனக்குத் தெரிந்த களவு. லண்டனில் ஒருத்தி காலை மடக்கிக்கொண்டு மூச்சு விட்டால் என் வீட்டில் என்ன குறைந்துபோகிறது?

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "அக்கா, உங்களுக்கு இதின்ர அரசியல் விளங்காது" என்றான். அரசியல் விளங்காத அக்கா நான், போனை நிறுத்திவிட்டு அரிசி கழுவப் போனேன்.

அந்த வருடம் சித்திரை விடுமுறையில் அந்த வெள்ளைப் பிள்ளை வந்தாள். பெண்களுக்கு உளவள உதவி செய்கிறோம் என்று சொல்லும் ஒரு நிறுவனம் அவளை இங்கிலாந்திலிருந்து அழைத்திருந்தது. போரில் பிள்ளைகளை, புருசனைப் பறிகொடுத்த பெண்களுக்கு மூன்று கிழமை யோகா வகுப்பு. எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் பின்னேரம் மூன்றரைக்கு. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்கள், வீட்டில் சும்மா இருக்கிறேன், போனேன். தம்பிக்கு நான் சொல்லவில்லை.

முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்கு மூக்கு உரிந்துபோன, மெலிந்த பிள்ளை. றப்பர் பாய்கள் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தாள். எட்டுத்தான் இருந்தது. வந்த பெண்கள் பதினாலு பேர். மற்றவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய்த் தாங்கள் படுக்கிற பாயை எடுத்துக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்" என்று இழுத்தபோது, நாங்கள் ஆமென்பதற்குச் சொல்கிற ஓம் என்று நினைத்து, இந்தப் பிள்ளை யாருக்கு என்னத்துக்கு இவ்வளவு நேரம் ஓம் சொல்கிறது என்று ஒருத்தி கேட்க, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவளும் என்னவென்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தாள். அதனால் அவளை எல்லோருக்கும் பிடித்துப்போனது.

மூன்றாம் நாள் வகுப்புத் தொடங்கும் முன் அவள் என்னை வெளியே கூப்பிட்டாள். வெள்ளைக்காரர் யோகா படிப்பிக்கலாமா என்று தன் நாட்டில் பெரிய வாக்குவாதம் நடக்கிறது, தனக்கு அது மனச்சாட்சியை உறுத்துகிறது, இது உங்களுடைய சொத்து, இதைப் படிப்பிக்கத் தனக்கு அனுமதி இருக்கிறதா என்று இந்தப் பெண்களிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. லண்டனில் என் தம்பி இவளைப் போன்றவர்களோடு சண்டை பிடிக்கிறான், இவளோ கிளிநொச்சிக்கு வந்து அந்தச் சண்டையில் தானே குற்றவாளியாக நிற்கிறாள்.

கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உது இந்தியாவில இருந்து வந்ததெல்லோ ரீச்சர்? எங்களிட்ட ஏன் கேக்கிறா?" என்றார் ஒருவர்.

"நல்லாத்தானே சொல்லித்தாறா. என்னெண்டாலும் பிழை விட்டிட்டனெண்டு பயப்பிடுறாவோ?" என்றார் இன்னொருவர்.

நான் திரும்பி, எல்லோரும் மனமார அனுமதி தருகிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்து கும்பிட்டாள். பெண்களும் எதற்கென்று தெரியாமல் கும்பிட்டார்கள்.

அந்தப் பதினாலு பேரில் ஒருவர் என் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அக்கா. என்னைவிட எட்டு வயது மூப்பு. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அங்கே வீடுகளை எரித்த காலத்தில் தாயின் இடுப்பில் நெடுங்கேணிப் பக்கம் வந்தவர். பிறகு கலியாணம் முடித்து எங்கள் பக்கம் வந்தார். புருசன் பாம்பு கடித்துச் செத்துப்போனார். ஒரேயொரு மகன். அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் நான் ஆங்கிலம் படிப்பித்தேன். கெட்டிக்காரன் இல்லை, குழப்படிக்காரனும் இல்லை, கடைசி வாங்கில் இருந்து யன்னலால் பார்க்கிற பிள்ளை.

சண்டையின் கடைசி மாதங்களில் அவனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு கிழமையில் ஓடி வந்துவிட்டான். பிறகு எல்லோரும் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கி, எல்லாம் முடிந்து, ஆமியிடம் நடந்து வந்த அன்று, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பதியாமல் விட்டால் பிறகு பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, இந்த அக்காவே மகனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தார். பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலால் கையைக் காட்டினான். பதினைந்து வருடம் ஆகிவிட்டது, ஒரு தகவலும் இல்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் நான் பார்ப்பேன்.

வகுப்பில் அவரால் கண்ணை மூட முடியவில்லை. எல்லோரும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூட, இவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மூடாவிட்டால் பரவாயில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா. வாய் கொஞ்சம் திறந்து, கை இரண்டும் விரிந்து, நல்ல நித்திரை. பகலில் அவர் படுத்து நான் கண்டதில்லை. இரவிலும் நாய் குரைத்தால் எழும்பி வந்து வாசல் படலையைப் பார்க்கிறவர். வகுப்பு முடிந்தும் அந்தப் பிள்ளை ஒருவரையும் சத்தம் போட விடவில்லை. நாங்கள் எல்லோரும் வாசலில் போய் இருந்தோம். ஒரு மணித்தியாலம் கழித்து அக்கா எழும்பி, வெட்கப்பட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலென்ன, அன்றைக்கு நான் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

கடைசிக் கிழமையில், அக்காவும் கண்ணை மூடப் பழகியிருந்தபோது, அவள் படங்கள் எடுத்தாள். கடைசி நாள் ஒரு படிவம் கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். படங்களைப் பாவிப்பதற்கான சம்மதம். ஒவ்வொரு வரியையும் பெண்களுக்கு விளங்கப்படுத்தும்படி என்னிடம் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். மண்டபத்துக்குள் வேக்காடு. நிறுவனத்தின் வான் வெளியே இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. பிரியாவிடைக்கு என்று வாய்ப்பன் சுட்டுக்கொண்டு வந்த பெண்கள் அது ஆறுகிறது என்று அவசரப்பட்டார்கள். நானும் களைத்திருந்தேன். "இது உங்கட படங்களைப் பாவிக்கிறதுக்கு. பேரை எழுதி ஒப்பம் வையுங்கோ" என்று மட்டும் சொன்னேன். வைத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு தாளையும் அடுக்கி, ஒன்றையும் திருப்பிப் பார்க்காமல் அவளிடம் கொடுத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை தம்பி எனக்கு ஒரு படம் அனுப்பினான். படத்தோடு, "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று ஒரு கேள்வி.

இங்கிலாந்தில் எங்கோ கிராமப்புறத்தில் வார இறுதி யோகா முகாம் ஒன்றுக்கான இணையப் பக்கம். மேலே பெரிதாக அக்காவின் முகம். கண் மூடியிருக்கிறது. எங்கள் மண்டபத்தின் பச்சைச் சுவர் பின்னால் தெரிகிறது. அதற்குக் கீழே அந்த முகத்துக்குரியவர் வட இலங்கையைச் சேர்ந்தவர் என்றும், போரில் எல்லாவற்றையும் இழந்தவர் என்றும், பாயில் அமைதியைக் கண்டுகொண்டார் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்கு முன்னால் பெயர்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அது ஆண்பிள்ளைப் பெயர். இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் பிடிபட்டது. ஒன்பதாம் வகுப்பில் தினமும் காலையில் இடாப்புக் கூப்பிடும்போது நான் கூப்பிட்ட பெயர் அது.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. பதினைந்து வருடமாக இந்த அக்கா நிரப்பாத படிவம் இல்லை. ஒவ்வொரு விசாரணைக் குழுவுக்கும், ஒவ்வொரு கந்தோருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு தூதுக்குழுவுக்கும் நிரப்பியிருக்கிறார். அந்தப் படிவங்களில் முதல் கோடு பிள்ளையின் பெயருக்கு. தாயின் பெயருக்கு இடம் கீழே, முறைப்பாட்டாளர் என்று போட்ட கோட்டில். தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத அவர் மகனின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவார். நான்தான் எழுதிக் காட்டிப் பழக்கினேன். யோகாப் படிவத்தில் பெயருக்கு ஒரு கோடுதான் இருந்தது. அவர் கை பழகின பெயரை எழுதிவிட்டது. அது பெண்ணின் பெயரா ஆணின் பெயரா என்று அந்த வெள்ளைப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் கோபம் வந்தது. யோகாவைப் பற்றி அல்ல. காணாமல் போன பிள்ளையின் பெயரைப் போட்டு, அமைதியைக் கண்டுகொண்டார் என்று எழுதி, அதற்குக் கீழே மரக்கறிச் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு என்று போட்டிருக்கிறார்களே என்று கோபம். அதற்குள் என் மேல் எனக்கே இருந்த கோபமும் கலந்திருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் நான் வாசித்துச் சொல்லியிருந்தால், அந்தத் தாள்களை ஒருக்கால் திருப்பிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அக்கா தெரியாமல் செய்த பிழையை அவருக்குத் தெரியாமலே திருத்திவிடலாம் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். நான் எழுத நினைத்தது இரண்டு வரி: பெயர் பிழை, படத்தை எடுத்துவிடு. தம்பி போனில் நின்றான். அவன் சொல்லச் சொல்ல அது ஒன்றரைப் பக்கம் ஆனது. அபகரிப்பு வந்தது, வெள்ளையாதிக்கம் வந்தது, எங்கள் ஆன்மீகத்தை எடுத்தது போதாதென்று எங்கள் தாய்மாரின் கண்ணீரையும் எடுத்தீர்கள் என்று ஒரு வரி வந்தது. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு நாளில் படம் போய்விட்டது. அந்தப் பிள்ளை நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். பெயர் விஷயம் தெரிந்தபோது அழுததாகவும், இங்கே எடுத்த எல்லாப் படங்களையும் அழித்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள். தம்பி அதை வெற்றியாக அறிவித்தான். எங்கள் தாயின் முகத்தை அவர்களிடமிருந்து மீட்டுவிட்டோம் என்று இணையத்தில் எழுதினான். முந்நூறு பேர் கைதட்டினார்கள். எங்கள் தாய் என்று அவன் எழுதிய அந்த அக்காவின் வீட்டில் எங்கள் அம்மா சாகும்வரை ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. தோட்டத்திலிருந்து வந்த ஆட்கள் என்று சொல்லிப் படலையோடு நின்று கதைத்துவிட்டு வந்துவிடுவார். தம்பிக்கு இது தெரியும், அவனும் படலையோடு நின்றவன்தான்.

பிறகுதான் அக்காவிடம் சொல்லப் போனேன். மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை. அவித்த நெல்லை முற்றத்தில் தறப்பாளில் பரப்பிவிட்டுக் கோழி கலைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ ரீச்சர். தேத்தண்ணி போடட்டோ?"

"பிறகு குடிப்பம் அக்கா. உங்களுக்கு ஒண்டு காட்டவேணும்."

தம்பி அனுப்பிய படம் என் போனில் இருந்தது. அக்கா கையைச் சீலையில் துடைத்துவிட்டு, போனை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இது நானெல்லோ! கண்ணை மூடினால் இப்பிடியே இருப்பன்?" என்று சிரித்தார். பிறகு விரலை எழுத்துகளின் மேல் கொண்டுபோனார். மற்ற எந்தச் சொல்லையும் அவரால் வாசிக்க முடியாது. அந்த ஒரு சொல்லில் விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"அக்கா, அண்டைக்குப் படிவத்தில உங்கட பேருக்குப் பதிலா நீங்கள்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் ரீச்சர். எழுதின உடனயே கண்டனான். வெட்டிப்போட்டு என்ர பேரை எழுதுவமெண்டு நினைச்சன். பேந்து, கிடக்கட்டுமெண்டு விட்டிட்டன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க கிடக்கு? லண்டனிலயோ?"

"லண்டனில எண்டில்லை அக்கா. போன் இருக்கிற ஆரும் எங்க இருந்தும் பாக்கலாம்."

"எந்த நாட்டில இருந்தும்?"

"ஓம்."

"எவ்வளவு காலமாக் கிடக்கு?"

"நாலைஞ்சு மாசம் இருக்கும்."

அவர் முகம் மாறியது. மனம் நொந்துபோனார் என்று நினைத்து நான் அவசரப்பட்டேன். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் நல்லாப் பேசி எழுதி எடுப்பிச்சுப்போட்டன். இப்ப அது அங்க இல்லை" என்றேன்.

அவர் போனைத் திருப்பித் தரவில்லை.

"ஆரைக் கேட்டு எடுப்பிச்சனீங்கள்?"

குரல் உயரவில்லை. இத்தனை வருடத்தில் என்னோடு அவர் அப்படிக் கதைத்ததில்லை. கோழி நெல்லுக்குள் ஏறிக் கிளறியது. இரண்டு பேரும் கலைக்கவில்லை.

"எத்தினை லிஸ்டில ரீச்சர் அவன்ர பேரைக் குடுத்திருக்கிறன். நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள். எல்லாத்திலயும் பேருக்கு முன்னால காணாமல் ஆக்கப்பட்ட எண்டு போடுவினம். பிறகு கூப்பிட்டு, செத்ததெண்டு பத்திரம் தாறம், வாங்கிக்கொண்டு போங்கோ எண்டுவினம். இதில வெறும் பேர் கிடந்திருக்கு. உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேர் மாதிரி. மேல என்ர முகம். அவன் எங்கையாவது ஒரு நாட்டில இருந்து தற்செயலாக் கண்டானெண்டால், அம்மா தன்னைத் தேடுறா எண்டு அவனுக்கு விளங்கியிருக்குமெல்லோ?"

அவன் எந்த நாட்டிலும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஒருவரும் அவருக்குச் சொல்வதில்லை. அன்றும் நான் சொல்லவில்லை.

"அது சனத்தை ஏமாத்திற மாதிரி அக்கா. நீங்கள் அமைதியா இருக்கிறியள் எண்டு போட்டு ஆள் சேர்க்கினம்" என்றேன்.

"சேர்க்கட்டும். எனக்கு அதால என்ன? அங்க படுத்த நேரம் நான் நித்திரை கொண்டது உண்மைதானே. அவை தங்கட வேலையைப் பாக்கட்டும், அந்தப் பேர் அதில கிடக்கட்டும். திரும்பப் போடச் சொல்லுங்கோ ரீச்சர். உங்களைக் கும்பிட்டன், எழுதுங்கோ."

வீட்டுக்கு வந்து தம்பிக்கு எடுத்தேன். "அக்கா, உங்களுக்கு விசரே? சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும். எடுப்பிச்சுப்போட்டுத் திருப்பிப் போடச் சொல்லுறதோ?" என்று பாய்ந்தான். அந்த அக்காவுக்காகக் கதைக்க முன்னம் அவவை ஒரு வார்த்தை கேட்டாயோடா என்று நானும் பாய்ந்தேன். "நானோ? கடிதத்தில ஒப்பம் வச்சது நீங்கள்தானே" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, அவன் சொன்னது சரி. அவனுடைய பெரிய கேள்விக்கு எனக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது, அது அவனுக்குப் பிடிக்காது. கேட்காமல் எடுத்தவர்களை வரிசையில் நிறுத்தினால் அந்த வெள்ளைப் பிள்ளை கடைசியில்தான் நிற்பாள். அவள் இரண்டு தரம் கேட்டாள். நான்தான் இரண்டு தரமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நானும் தம்பியும் ஒரு தரமும் கேட்கவில்லை.

தனியே இருந்து எழுதினேன். அபகரிப்பு இல்லை, கண்ணீர் இல்லை. அந்தத் தாய் தன் விருப்பத்தோடுதான் அந்தப் பெயரை விட்டார், படத்தையும் பெயரையும் திரும்பப் போடும்படி கேட்கிறார், முன்பு எழுதியது என் பிழை என்று எழுதினேன். ஒன்றும் வராமல் ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளும் அக்கா காலையில் படலையடியில் வந்து நின்றார். கேட்கமாட்டார், நிற்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், போய்விடுவார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அன்று அக்கா ஏ-ஒன்பது வீதியோரக் கொட்டிலில் இருந்தார். பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வருடக்கணக்காக இருக்கும் கொட்டில் அது. கம்பியில் படங்கள் வரிசையாகத் தொங்கும், முன்னால் வாங்குகளில் தாய்மார் இருப்பார்கள், வீதியால் யாழ்ப்பாண பஸ்கள் போகும். நான் சைக்கிளை விட்டு இறங்குவதைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"என்னவாம்?"

"ஏலாதாம் அக்கா."

"ஏனாம்?"

போனைத் திறந்து, ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். தான் பலரோடு ஆலோசித்தாவாம். நான் முதல் எழுதின கடிதம் தன்ர கண்ணைத் திறந்துவிட்டதாம். உங்கட வேதனையை இனி ஒருக்காலும் பாவிக்கமாட்டாவாம். உங்களுக்கும் உங்கட பண்பாட்டுக்கும் மரியாதை குடுத்துத்தான் இந்த முடிவாம். படங்களையும் அழிச்சுப்போட்டாவாம்.

அக்கா கவனமாகக் கேட்டார். கந்தோர்களில் பதில் கேட்கும்போது நிற்பது போல, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்ல பிள்ளை. கோவிச்சு எழுதேல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

"அப்ப அவன்ர பேர் இனி ஒரிடத்திலயும் இல்லையோ?"

"லிஸ்டுகளில இருக்கு அக்கா."

"ஓம்" என்றார். "அதுகளில இருக்கு."